மனசை யார்டா கேட்டது?

2023 டிசம்பரில் மாரத்தான் பயிற்சியைப் பாதியில் விட்டேன். பதினாலாவது வாரம் அது. மிக்ஜாம் புயல் வந்துபோன வாரம். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் புயலைக் காட்டினேன். மீஞ்சூரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், ஷூ ரெண்டும் மிதந்தது, கரண்ட் இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகும் ஓட்டத்துக்கு நாலு வாரம் பாக்கி இருந்தது. ஷூவும் காய்ந்துவிட்டது. நான்தான் போகவில்லை.

கால் வலி வந்து விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வலி எதுவும் இல்லை. பதிமூணு வாரம் ஒழுங்காக ஓடிய ஒருத்தன் கடைசி நாலு வாரத்தில் எப்படி நின்றுபோகிறான்? ஒரு வருஷமாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததைவிட அதிகமாகச் சொல்லிக்கொடுத்தது லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கும் என் மாமா. அவர் ஓடியதே இல்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டார்.

லைட்ஹவுஸ் குப்பம் அம்மா பிறந்த ஊர். பழவேற்காடு பஜாரைத் தாண்டி, ஏரி மேல் இருக்கும் பாலத்தைக் கடந்தால், ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல் திட்டு. பேருக்கு ஏற்ற மாதிரி ஒரு கலங்கரை விளக்கம். அங்கிருந்து தெற்கே கூனங்குப்பம், கோரைக்குப்பம், கருங்காலி என்று காட்டுப்பள்ளி பக்கம் வரை ரோடு போகிறது. ரோடு என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். கடல் சில இடங்களில் அதைத் தின்றிருக்கிறது. ஆனால் வண்டித் தொல்லை இல்லை, மேடு பள்ளம் இல்லை. 2024 செப்டம்பரில் மறுபடி பெயர் கொடுத்தபோது, ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தை மட்டும் இங்கே வந்து ஓடுவது என்று முடிவு செய்தேன். சனி ராத்திரி வந்து மாமா வீட்டில் படுப்பேன்.

ரெண்டாவதோ மூணாவதோ வாரம். விடிகாலை மூன்றரை. திண்ணையில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷமாகக் கட்டாமல் இருக்கிறேன். மாமா டீசல் கேனோடு வெளியே வந்தார். தொழிலுக்குக் கிளம்பிவிட்டார். (கடலுக்குப் போவதை இங்கே தொழிலுக்குப் போவது என்றுதான் சொல்வார்கள்.) அவரிடம் கேட்டேன்:

"மாமா, தினம் இந்த நேரத்துக்கு எழுந்து போக எப்படி மனசு வருது?"

"மனசை யார்டா கேட்டது? நான் போலைன்னா போட் தள்ள ஆள் பத்தாது. நாலு பேர் வந்து வாசல்ல நிப்பான்."

அவ்வளவுதான் பதில். கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடையது பிழைப்பு, என்னுடையது ஆசை. ரெண்டையும் ஒரே தராசில் வைப்பதில் எனக்கும் கூச்சம் இருக்கிறது. கடலுக்குப் போகாவிட்டால் அவர் வீட்டில் உலை பாதிதான் கொதிக்கும். நான் ஓடாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பதிலில் இருக்கும் விஷயம் பிழைப்பைப் பற்றியது மட்டும் இல்லை. எழுந்துபோவது என்கிற முடிவை அவர் காலையில் எடுப்பதே இல்லை. அது எப்போதோ, வேறு நாலு பேரோடு சேர்ந்து எடுத்தாகிவிட்டது. நான் ஒவ்வொரு நாளும் மூன்றரை மணி இருட்டில், அரைத் தூக்கத்தில், புதிதாக முடிவெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எடுக்கிற முடிவு எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். கொஞ்சம் ஓடிப் பழகியவர்களுக்கே அதற்கு 16 முதல் 20 வாரப் பயிற்சி தேவை. சென்னை மாரத்தான் ஜனவரி ஆரம்பத்தில் வருகிறது. பின்னோக்கி எண்ணினால் பயிற்சி செப்டம்பரில் தொடங்கணும். இங்கேதான் நம்ம ஊர் சிக்கல். வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கிற பயிற்சி அட்டவணை கோடையில் தொடங்கிக் குளிரில் முடியும். வாரம் போகப் போக ஓடுவது சுலபமாகும். நமக்கு செப்டம்பர் புழுக்கம், அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை, நவம்பர் டிசம்பரில் புயல். நீள ஓட்டங்கள் எல்லாம், அதாவது 24, 28, 30 கிலோமீட்டர்கள், சரியாக அந்த மழை வாரங்களில்தான் வந்து விழும்.

புழுக்கம் இன்னொரு வேலையும் செய்யும். அதை நான் முதல் வருஷம் புரிந்துகொள்ளவே இல்லை. உடம்பு தன்னைக் குளிர்விக்க வியர்வையை நம்பியிருக்கிறது. வியர்த்தால் போதாது, வியர்வை ஆவியாகணும். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சூட்டை வெளியேற்ற ரத்தம் தோல் பக்கம் அதிகமாக ஓடுகிறது, தசைக்குப் போகிற பங்கு போதாமல் இதயம் வேகமாக அடிக்கிறது. விளைவு: அதே வேகத்தில் ஓடினாலும் போன மாசத்தைவிடக் கஷ்டமாக இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் வேகம் குறைந்திருக்கும். நீங்கள் உண்மையில் போன மாசத்தைவிடப் பலமாகத்தான் இருக்கிறீர்கள். ஆனால் கையில் கட்டியிருக்கும் கருவி உங்களிடம் தினமும் "நீ தேறலை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

சாமுவேலே மார்கோரா என்கிற ஆய்வாளர் இதன் மறுபக்கத்தைப் படித்திருக்கிறார். நீண்ட உழைப்பில் மனிதன் நிற்பது பெரும்பாலும் தசை செத்துப்போவதால் இல்லை, 'இது ரொம்பக் கஷ்டம்' என்கிற உணர்வு அவன் தாங்கத் தயாராக இருக்கும் அளவைத் தொடுவதால்தான் என்பது அவர் வாதம். 2009-ல் அவரும் கூட்டாளிகளும் 16 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். 90 நிமிஷம் மூளையைக் களைக்க வைக்கிற ஒரு கணினி வேலை. அதற்குப் பிறகு சைக்கிள் மிதிக்கவேண்டும். மூளை களைத்த நாளில் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இதயமும் நுரையீரலும் மற்ற நாள் போலவேதான் வேலை செய்தன. கஷ்டம் என்கிற உணர்வு மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒரு படி மேலே இருந்தது. நாள் முழுக்க ஆபீஸில் கணக்குப் பார்த்துவிட்டு சாயங்காலம் ஓடப்போகிறவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

அதனால் இந்த வருஷம் ஒன்று செய்தேன். அக்டோபர் கடைசி வரை கடிகாரத்தில் வேகம் காட்டும் திரையை மறைத்துவிட்டேன். நேரம் மட்டும் தெரியும். பேச்சுதான் அளவு: ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் சரியான வேகம். தனியாகப் பேசிக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்து கோரைக்குப்பத்தில் ரெண்டு பாட்டிகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பரவாயில்லை.

சரி, மாமாவுடைய பதிலுக்கு வருவோம். முடிவை முன்கூட்டியே எடுத்து வைப்பது எவ்வளவு வேலை செய்யும்?

2002-ல் மில்ன், ஆர்பெல், ஷீரன் என்ற மூன்று பேர் வெளியிட்ட ஒரு ஆய்வு இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. பல்கலைக்கழக மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டாவது குழுவுக்கு இதய நோய் பற்றியும் உடற்பயிற்சி அதை எப்படித் தடுக்கும் என்றும் படிக்கக் கொடுத்தார்கள். அதாவது ஊக்கம் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கும் அதே படிப்புதான், ஆனால் கூடவே ஒரு வரி எழுதச் சொன்னார்கள்: வருகிற வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் உடற்பயிற்சி செய்யப்போகிறேன் என்று. அந்த வாரத்தில் குறைந்தது 20 நிமிஷம் உடற்பயிற்சி செய்தவர்கள்: ஒன்றும் சொல்லாத குழுவில் 38 சதவீதம், ஊக்கம் மட்டும் கொடுத்த குழுவில் 35 சதவீதம், எழுதிவைத்த குழுவில் 91 சதவீதம்.

ஊக்கம் கொடுத்த குழு ஒன்றும் சொல்லாத குழுவைவிட மேலே வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். செய்யவேண்டும் என்கிற எண்ணம் அவர்களிடம் கூடியிருந்தது, செய்கை கூடவில்லை. வாட்ஸப்பில் தினமும் காலையில் வருகிற ஊக்க வாசகங்கள் ஏன் யாரையும் கட்டிலிலிருந்து கிளப்புவதில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல விளக்கம் இது. ஆனால் இந்த ஆய்வை அளவுக்கு மேல் நம்பவும் கூடாது. 20 நிமிஷ உடற்பயிற்சி ஒருமுறை செய்வது வேறு, 18 வாரம் வாரத்துக்கு நாலு நாள் ஓடுவது வேறு. எழுதி வைத்த வரி முதல் வாரம் இழுக்கும். பத்தாவது வாரம் இழுக்குமா?

இங்கேதான் ஏரிக்காரர்களின் ஏற்பாடு ஒன்று ஞாபகம் வருகிறது. பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் சில குப்பங்களில் தலைமுறைகளாகப் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. நல்ல இடங்கள் சிலதான். வலை போடும் இடங்களுக்குப் பேர் இருக்கும். உரிமை உள்ளவர்களின் பட்டியலை ஊர் வைத்திருக்கும். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டும், முறை வைத்துச் சுற்றியும் முடிவாகும். நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வரும். தமிழில் இந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாடு என்றால் முறை வரும் இடம். பாடு என்றால் கிடைத்த மீன், 'மீன்பாடு' என்கிறோமே அது. பாடு என்றால் பட்ட கஷ்டம். மூன்றும் ஒரே சொல்.

இந்த மாதிரி ஏற்பாடு உலகத்தில் வேறு இடங்களிலும் இருக்கிறது. இலங்கையில் நீர்கொழும்பு களப்பில் கட்டுவலைக்காரர்களிடம் உண்டு. துருக்கியின் அலன்யா கரையில் நடப்பதைப் பற்றி எலினோர் ஆஸ்ட்ரோம் 1990-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்: செப்டம்பரில் பட்டியல் போட்டு, இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கி, ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினமும் ஒரு இடம் கிழக்கே நகர்ந்துகொண்டே போவார்கள். செப்டம்பரிலிருந்து ஜனவரி! என் பயிற்சிக் காலம் அப்படியே இருக்கிறதே என்று படித்தபோது சிரிப்பு வந்தது.

பாடு முறையை எல்லோரும் சண்டை தவிர்க்கும் ஏற்பாடாகத்தான் விளக்குவார்கள். அது சரிதான். எனக்கு அதில் இன்னொன்று தெரிகிறது. உன் முறை வருகிற நாள் உன் மனநிலையைக் கேட்டு வருவதில்லை. அதேபோல உன் முறை இல்லாத நாளில் நீ வலை எடுத்துப் போகமுடியாது. போகவில்லையே என்று குற்ற உணர்ச்சியும் கிடையாது. ஓடுகிறவர்களுக்கு இந்த ரெண்டாவது பாதிதான் தெரிவதில்லை. எனக்கு முதல் வருஷம் ஓய்வு நாளே இல்லை. அட்டவணையில் இருந்தது, நான் மதிக்கவில்லை. ஓடத் தோன்றிய நாளெல்லாம் ஓடினேன், தோன்றாத நாள் விட்டேன், விட்டதை ஈடுகட்ட மறுநாள் ரெண்டு மடங்கு ஓடினேன். பன்னிரண்டாவது வாரம் வரும்போது ஓட்டம் என்றாலே கடன் மாதிரி ஆகிவிட்டது.

இந்த வருஷம் செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு என் பாடு. திங்கள், புதன், வெள்ளி எனக்கு இடம் கிடையாது, ஆசை வந்தாலும் கிடையாது. வார நாட்களில் மீஞ்சூரில், பால் வண்டி சத்தம் கேட்டதும் வாசப்படி தாண்டுவது. நாலே முக்கால் மணிக்கு அலாரம் வைத்துத் தோற்றிருக்கிறேன். பால் வண்டியிடம் தோற்றது குறைவு. காரணம் சாதாரணம்: அலாரத்தை அணைக்கலாம், பால்காரரை அணைக்க முடியாது.

ஆனால் மாமா சொன்னதில் முக்கியமான பாதி இதுவும் இல்லை. "நாலு பேர் வந்து வாசல்ல நிப்பான்."

ஃபைபர் போட்டை மணலிலிருந்து தண்ணீருக்குத் தள்ளக் கை வேண்டும். வலை இழுக்க ஆள் வேண்டும். கிடைத்ததை ஏலம் விட்டபிறகு போட்டுக்கு, இஞ்சினுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரியும். ஒருத்தன் வராவிட்டால் அவன் பங்கு மட்டும் போவதில்லை, எல்லாருடைய நாளும் போகும். அதனால் அவனை எழுப்பக் கதவைத் தட்டுவார்கள். ஓட்டம் பார்க்கத் தனி ஆள் விளையாட்டு. யார் வராவிட்டாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதனால்தான் வராமலிருப்பது இவ்வளவு சுலபம்.

சினான் ஆரல், கிறிஸ்டோஸ் நிகொலைடிஸ் என்ற ரெண்டு பேர் 2017-ல் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார்கள். சுமார் 11 லட்சம் ஓட்டக்காரர்கள், ஐந்து வருஷம், 35 கோடி கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பதிவுகள். நண்பர் ஓடினால் நாமும் ஓடுவோமா என்பது கேள்வி. இதில் ஒரு சிக்கல் உண்டு: ஓடுகிறவர்களுக்கு ஓடுகிறவர்களே நண்பர்களாக இருப்பார்கள், யார் யாரை இழுத்தார்கள் என்று பிரிக்க முடியாது. அவர்கள் மழையைப் பிடித்துக்கொண்டார்கள். நண்பர் இருக்கும் ஊரில் மழை பெய்தால் அவர் ஓட்டம் குறையும்; உங்கள் ஊரில் வெயில்தான், ஆனால் உங்கள் ஓட்டமும் குறைகிறதா? குறைந்தது. நண்பர் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் அதே நாளில் நாம் சுமார் 300 மீட்டர் கூடுதலாக ஓடுகிறோம். அதிலும் ஒரு வேடிக்கை: குறைவாக ஓடுகிறவர்தான் நிறைய ஓடுகிறவரை அதிகமாகப் பாதிக்கிறார். பின்னால் வருகிறவன் நெருங்கிவிடுவானோ என்கிற பயம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

2006-ல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் குழு ஊர் முழுக்கப் பேட்டைக்குப் பேட்டை கிளை வைத்திருப்பது தற்செயல் இல்லை. பெரிய குழுவில் நீங்கள் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. இருபது பேர் கூடும் தெருமுனையில் தெரியும். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஒருத்தர் தண்ணீர் கேனோடு நிற்கிறார், இன்னொருத்தர் "இன்னா சார், போன வாரம் காணோம்" என்கிறார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எழுந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். பக்கத்தில் குழு இல்லையென்றால் ஒரே ஒரு ஆள் போதும், ஓடுகிற ஆளாகக்கூட இருக்கவேண்டியதில்லை. எனக்கு மாமாவின் பேரன் இருக்கிறான். ஏழாவது படிக்கிறான். நீள ஓட்டத்தில் சைக்கிளில் தண்ணீர் பாட்டிலோடு கூட வருவான், முடிந்ததும் அவனுக்கு ஒரு பரோட்டா. நான் சனி ராத்திரி வரவில்லை என்றால் அவனுக்குப் பரோட்டா இல்லை. வெள்ளிக்கிழமையே போன் பண்ணிக் கேட்டுவிடுவான்.

இந்த ஏற்பாட்டுக்கும் ஓட்டை உண்டு. அதையும் மாமாவிடமே பார்த்தேன். அவர் போட்டில் வந்துகொண்டிருந்த ஒரு பையன் நவம்பரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். மாசச் சம்பளம், யார் குறை சொல்லமுடியும்? இப்போது சில நாள் ஆள் சேராமல் போட் மணலிலேயே கிடக்கிறது. மாமா எழுந்துவிடுகிறார், டீ குடிக்கிறார், கரையில் நின்று பார்த்துவிட்டு வருகிறார். நாலு பேரை நம்பிக் கட்டிய விஷயம் ஒருத்தன் போனால் ஆடத்தான் செய்யும். ஓட்டக் குழுக்களிலும் இதைப் பார்க்கலாம்: கூட ஓடுகிறவருக்கு வேலை மாற்றம் வரும், முட்டி வலி வரும், அதோடு இவரும் நின்றுவிடுவார்.

அப்புறம், என்னை வீழ்த்திய விஷயம். இடையில் விட்டுப்போவது.

மழை, புயல், காய்ச்சல், ஆபீஸ், கல்யாணம், சாவு. 18 வாரத்தில் இதில் ஒன்றாவது வராமல் இருக்காது. உடம்புக்கு ஒரு வாரம் பத்து நாள் ஓடாததால் பெரிய இழப்பு இல்லை. ரெண்டு மூன்று வாரம் ஆனால்தான் தாங்கும் சக்தியில் சில சதவீதம் இறங்கும், அதுவும் திரும்பி வரும். இழப்பு உடம்பில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக விழுந்ததும், 'போச்சு' என்று முழுத் தாளையும் கிழித்துவிடுகிறோம். நான் செய்தது அதுதான். புயல் எடுத்தது ஒரு வாரம். மிச்ச நாலு வாரத்தை எடுத்தது நான்.

2021-ல் கேட்டி மில்க்மனும் ஒரு பெரிய குழுவும் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்குக் கண் திறந்தது. அமெரிக்காவில் ஒரு ஜிம் கம்பெனியின் 61,293 உறுப்பினர்களிடம், ஆளை ஜிம்முக்கு வரவைக்க 54 வகை வழிகளை ஒரே சமயத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் நாலு வாரம். எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்தது எது தெரியுமா? ஒருமுறை வராமல் விட்டவர், அடுத்த முறை திரும்பி வந்தால் ஒரு சின்னக் கூடுதல் பரிசு. சில சென்ட் மதிப்புதான், நம்ம கணக்கில் பத்து ரூபாய்கூட இல்லை. வாராவாரம் ஜிம்முக்கு வருவது அதில் 27 சதவீதம் கூடியது. விடாமல் வந்ததற்கு இல்லை, விட்டபின் திரும்பியதற்குப் பரிசு. (நாலு வாரம் முடிந்ததும் அந்த 54-ல் பெரும்பாலானவற்றின் பலன் கரைந்துவிட்டது என்பதையும் சொல்லணும். எதுவும் ஒருமுறை போட்டால் காலத்துக்கும் நிற்காது.)

கடலோரத்தில் இது யாருக்கும் ஆராய்ச்சியாகத் தெரியாது. புயல் எச்சரிக்கை என்றால் கடலுக்குப் போகக்கூடாது. ஸ்ரீஹரிகோட்டா பக்கத்திலேயே இருப்பதால் ராக்கெட் விடுகிற நாளிலும் போகக்கூடாது என்பார்கள். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் ஏரியிலிருந்து வெளியே போகவே வழி இருக்காது. போகாத நாள் போகாத நாள்தான். அதற்காக யாரும் "நான் இனி மீனவன் இல்லை" என்று சொல்லிக்கொள்வதில்லை. எச்சரிக்கை விலகின மறுநாள் காலை போட் தண்ணீரில் இருக்கும். விட்ட நாளை ஈடுகட்ட ரெண்டு மடங்கு மீன் பிடிப்பதும் இல்லை, பிடிக்கவும் முடியாது.

நான் வைத்துக்கொண்ட விதி இதிலிருந்து வந்தது. விட்ட ஓட்டத்தை ஓடக்கூடாது. விட்டது விட்டது, அட்டவணையில் இன்றைக்கு என்ன இருக்கிறதோ அது. திரும்பும் முதல் நாள் 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது, அதை ஓடினால் ரோட்டோரக் கடையில் ஒரு ஃபில்டர் காபி. சாதாரண நாளில் காபி கிடையாது. சிரிக்கலாம். காபிக்காகவே ஒரு மழைநாளுக்குப் பிறகு வெளியே வந்திருக்கிறேன்.

நேர இலக்கு பற்றியும் ஒரு வார்த்தை. நாலு மணி நேரத்தில் முடிக்கணும் என்பது உலகம் முழுக்க ஓட்டக்காரர்களின் ஆசை. ஆலன், டெக்கோ, போப், வூ என்ற நாலு பேர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட ஒரு கோடி மாரத்தான் முடிவு நேரங்களை அடுக்கிப் பார்த்தால், மூன்றரை மணி, நாலு மணி போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்பாக ஆட்கள் கூட்டமாகக் குவிந்திருப்பது தெரிகிறது. கடைசி 2 கிலோமீட்டரில் அந்த எண் மனிதர்களை நிஜமாகவே இழுக்கிறது. ஆனால் அது கிட்டத்தில் தெரியும்போது இழுக்கிற எண். பத்தாவது வாரத்தில், மழையில், கால் கனக்கும்போது, அதே எண் 'உன்னால் முடியாது' என்பதற்கான சாட்சியாக நிற்கும். 2008-ல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானில் பரிசும் இல்லை, போட்டியும் இல்லை. செம்மண் காட்டுப் பாதையில் ஓடுகிற சந்தோஷத்துக்காகவே ஓடுவது. அங்கே ஓடியவர்கள் சொல்வதைக் கேட்டபிறகு, எனக்கு டிசம்பர் முடியும் வரை நேர இலக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷமும் புயல் வந்தது. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. சென்னை முழுக்க மழை. அந்த வெள்ளிக்கிழமையே நான் குப்பத்தில் மாட்டிக்கொண்டேன். போட்டெல்லாம் மேட்டில் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. சனி பூராவும் மாமா வீட்டுக்குள் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னினார். தொழில் இல்லாத நாளுக்கென்று ஒரு தொழில். ஞாயிறு அட்டவணையில் 26 கிலோமீட்டர் இருந்தது. போகவில்லை. திங்கள் என் பாடு இல்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருந்தேன். விடியாத நேரத்தில் யாரோ காலைத் தட்டினார்கள். மாமாதான்.

"கடலுக்குப் போவாதன்னுதான்டா சொன்னான். ரோட்டுக்கு ஒண்ணும் சொல்லலையே."

3 கிலோமீட்டர் ஓடினேன். காபி குடித்தேன்.

இதை எழுதும்போது டிசம்பர் பாதி ஆகிவிட்டது. ஏரியில் பூநாரைகள் வந்திருக்கின்றன. போன வருஷம் இந்த நேரத்தில் நான் விட்டு ரெண்டு வாரம் ஆகியிருந்தது. வருகிற ஞாயிறு 30 கிலோமீட்டர், அதுதான் கடைசி நீள ஓட்டம். அதற்குப் பிறகு தூரம் குறைந்துகொண்டே வரும். கருங்காலி பக்கம் போய்விட்டு வந்து, வீட்டு வாசலைப் பார்த்தபடியே திரும்ப இன்னொரு தடவை போகணும். அந்தத் திருப்பத்தில்தான் எனக்குப் பயம். பையன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டி வைத்திருக்கிறானாம். இந்தத் தடவை ரெண்டு பரோட்டா என்கிறான்.